கம்பனி நட்டம் என்கிறது, சம்பளத்தை எப்படிப் பேசுவது?

திருகோணமலைக் கரையோரத் தனியார் ஹோட்டல்களில் வேலை செய்வோரின் கேள்விகளும், தொழிற்சங்கச் சட்டத்தில் பழக்கப்பட்ட ஒருவரின் பதில்களும்.

நிலாவெளி: அண்ணை, நாங்கள் 60 பேர். சம்பள உயர்வு கேட்டால் "மூன்று வருசமாக நட்டம்" என்கிறார்கள். முதலில் என்ன கேட்பது?

தொகையைக் கேட்க முதல் கணக்கைக் கேளுங்கள், அதுவும் எழுத்தில். கணக்காய்வு செய்த மூன்று வருசக் கணக்கு, மாதாமாதம் எத்தனை அறை நிரம்பியது, சேர்விஸ் சார்ஜ் எவ்வளவு சேர்ந்து எவ்வளவு பிரிந்தது, வங்கிக் கடன் தவணை எவ்வளவு.

நட்டம் எல்லாம் ஒரே நட்டம் இல்லை. கட்டடத்துக்கும் குளிரூட்டிக்கும் போடுகிற பெறுமானத்தேய்வு தாளில்தான் செலவு. அந்த வருசம் கையிலிருந்து காசு போகாது. 2 கோடி நட்டம் காட்டி, அதற்குள் 3 கோடி பெறுமானத்தேய்வு இருந்தால், வாங்கிய கடனின் முதலைக் கட்டுவதற்கு முன் ஏறத்தாழ 1 கோடி கையில் நின்றிருக்கும். காசுப்பாய்ச்சற் கூற்றை, அதாவது காசு வந்து போன கணக்கைப் பார்த்தால் தெரியும். உரிமையாளரின் வேறொரு கம்பனிக்கு "முகாமைக் கட்டணம்" போகிறதா என்றும் பாருங்கள். இலாபம் ஒளிகிற மூலை பெரும்பாலும் அதுதான்.

தர மறுத்தால், சங்கம் அமர்த்தும் ஒரு கணக்காளர் மட்டும் பார்த்து இரகசியம் காப்பார் என்று சொல்லுங்கள். அதற்கும் மாட்டோம் என்றால் அந்த மறுப்பைக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். விசயம் லேபர் கந்தோருக்கு இணக்கப் பேச்சுக்குப் போகும்போது, கணக்கைக் காட்டாதவர் நட்டத்தைச் சொல்லி வாதாடுவது கஷ்டம்.

உப்புவெளி: எங்களோடு பேசவே மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு முடியுமா?

யாருக்காகப் பேச வருகிறீர்களோ அந்தத் தொழிலாளரில் 40 வீதமாவது உங்கள் அங்கத்தவர் என்றால் முடியாது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தம் அப்படி மறுப்பதை நேர்மையற்ற தொழில் நடைமுறை என்கிறது. 60 பேருக்கு 24 பேர். சங்கம் தொடங்க 7 பேர் போதும், ஆனால் பதிவு வேண்டும். கையொப்பமிட்ட அங்கத்தவர் பட்டியலும் சந்தாப் பற்றுச்சீட்டும் கையில் இருக்கட்டும். இந்த 24ஐ நிரூபிக்க முடியாமல்தான் பல சங்கங்கள் முதல் நாளே சறுக்குகின்றன.

கிண்ணியா: நானா, ஆறு மாதம் 10 வீதம் குறைத்து எடுங்கள், சேமலாப நிதியைப் பிறகு கட்டுகிறோம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதம், முதலாளியின் 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம்: இது பேரம் பேசுகிற பொருளே இல்லை. நீங்கள் கையொப்பமிட்டாலும் கடமை போகாது. சேமலாப நிதி பிந்தினால் மேலதிகக் கட்டணம் 50 வீதம்வரை ஏறும். சம்பளத்தில் 8 வீதத்தை வெட்டிவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால் அது உங்கள் காசு. கணக்கு மீதியை இப்பவே பாருங்கள்.

சம்பளக் குறைப்பில் அடிப்படைச் சம்பளத்தைத் தொட விடாதீர்கள். 40,000 ரூபா 36,000 ஆனால் போவது 4,000 மட்டும் இல்லை. முதலாளி கட்டும் 15 வீதத்தில் (12உம் 3உம்) மாதம் 600 குறையும், ஓவர்டைம் வீதமும் இறங்கும். வேலை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடையும், வேலை செய்த ஒவ்வொரு வருசத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதம் என்ற கணக்கில்தான். பத்து வருசக்காரர் அந்த ஆறு மாதத்துக்குள் விலகினால் 2 இலட்சத்துக்குப் பதில் 1 இலட்சத்து 80 ஆயிரம்.

விட்டுக்கொடுத்தே ஆகவேண்டுமென்றால், அடிப்படை அப்படியே நிற்க, அதற்கு மேல் தரும் படிகளில் (கொடுப்பனவுகளில்) ஒரு பங்கைப் பிற்போடச் சம்மதியுங்கள். திருப்பித் தரும் திகதிகள், தானாக முடிகிற நாள், அறை நிரம்பல் இத்தனை வீதத்தைத் தாண்டினால் உடனே நிறுத்தம் என்ற நிபந்தனை, மூன்றும் எழுத்தில் வேண்டும். தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. அதற்குக் கீழே இறங்கவே இயலாது.

சாம்பல்தீவு: வேலைநிறுத்தம் எப்போது?

கிழக்குக் கரையில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. மாரி மழையில் அறை வெறுமையாகக் கிடக்கும்போது வேலையை நிறுத்தினால் முதலாளிக்குச் சம்பளம் மிச்சம், அவ்வளவுதான். கோரிக்கைக் கடிதம் ஜனவரியில் போனால் பேச்சு ஏப்ரலில் சூடுபிடிக்கும். ஆனால் வங்கி ஏலம் போடும் நிலையிலுள்ள ஹோட்டலில் சீசனைக் குழப்புவது நமது அடுப்பிலேயே தண்ணி ஊற்றுகிற வேலை. அங்கே எதிர்ப்பைக் காட்டக் கையில் பட்டி கட்டுவது, ஒரு மணித்தியால அடையாள நிறுத்தம் போதும்.

கன்னியா: ஆள் குறைக்கிறோம் என்று அச்சடித்த விலகல் கடிதம் தந்திருக்கிறார்கள்.

தங்கச்சி, கையொப்பம் வைக்காதீங்கோ. 15 பேருக்குக் குறையாத இடத்தில், ஒரு வருசத்துக்குள் 180 நாள் வேலை செய்தவரை ஒழுக்கக் குற்றம் இல்லாமல் நிறுத்த, அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும் (1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம்). கையொப்பம் வைத்தால் அந்தக் கடிதம்தான் உங்கள் சம்மதம். அனுமதி இல்லாத நீக்கம் செல்லாது.

நிலாவெளி: "காசு வந்ததும் தருகிறோம்" என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றைய கூட்டக் குறிப்பில் இரு தரப்பும் அன்றைக்கே கையொப்பமிட வையுங்கள். முடிவானதைக் கூட்டு ஒப்பந்தமாக எழுதி ஆணையாளருக்கு அனுப்புங்கள். வர்த்தமானியில் வந்ததும் அது ஒவ்வொருவரின் வேலை ஒப்பந்தத்திலும் சேர்ந்துவிடும்.