என்எஃப்எல் சம்பள வரம்பு: நீங்கள் கேட்டவை

கே: அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், வீரர்களுக்கு அணிகள் செய்யும் செலவுக்கு வரம்பு உண்டாமே. யார் முடிவு செய்கிறார்கள்?

ப: யாருடைய இஷ்டமும் இல்லை. டிவி உரிமை, டிக்கெட், ஸ்பான்சர் என லீகுக்கு வரும் வருமானத்தில் ஏறக்குறைய 48 சதவீதம் வீரர்களுக்கு என்று அவர்கள் சங்கத்தோடு ஒப்பந்தம். அந்தக் கணக்கிலிருந்து பிறப்பதுதான் சேலரி கேப், அதாவது சம்பள வரம்பு. 32 அணிகளுக்கும் ஒரே தொகை. 1994இல் 3.46 கோடி டாலர், 2025இல் 27.92 கோடி. கொரோனாவில் கேலரிகள் காலியாகக் கிடந்ததன் விளைவு, 2020இல் 19.82 கோடியாக இருந்தது மறுவருஷம் 18.25 கோடிக்கு இறங்கியது.

கே: ஐபிஎல் பர்ஸ் மாதிரிதானே? பிறகு எப்படிச் சில அணிகள் மட்டும் நட்சத்திரங்களை வாங்கிக் குவிக்கின்றன?

ப: அங்கேதான் சூட்சுமம். ஐபிஎல்லில் ஏலத்தொகை அப்படியே பர்ஸிலிருந்து கழியும். இங்கே கையில் கொடுக்கும் பணம் வேறு, கேப் கணக்கில் ஏறும் பணம் வேறு.

ஒரு வீரருக்கு இந்த வருஷச் சம்பளம் 3 கோடி டாலர், ஒப்பந்தம் இன்னும் நாலு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 லட்சத்தைச் சம்பளமாக விட்டுவிட்டு, மீதி 2.8 கோடியை போனஸ் என்று பெயர் மாற்றி உடனே கொடுத்துவிடுவார்கள். போனஸை ஐந்து வருஷம் வரை பிரித்து எழுதலாம். நாலாகப் பிரித்தால் வருஷத்துக்கு 70 லட்சம். ஆக இந்த வருஷக் கணக்கில் அவர் பெயரில் ஏறுவது வெறும் 90 லட்சம். வீரருக்கு ஒரு டாலர்கூடக் குறையவில்லை, அணிக்கோ 2.1 கோடி இடம் கிடைத்துவிட்டது!

வருஷம் போதவில்லையென்றால் ‘வாய்ட் இயர்’ சேர்ப்பார்கள். வீரர் ஆடவே போகாத, காகிதத்தில் மட்டும் இருக்கும் வருஷங்கள். நட்சத்திர வீரர் டாம் பிரேடி ஓய்வு பெற்றபின் வந்த 2023 சீசனில், அவர் ஆடிய தம்பா பே அணியின் கணக்கில் அவர் பெயரில் 3.5 கோடி டாலர் நின்றது. என்னைக் கேட்டால் அது நஷ்டமில்லை, அவர் 2020 சீசனில் வாங்கிக்கொடுத்த கோப்பைக்கான தவணை.

கே: ஒத்துவராத வீரரை நீக்கிவிட்டால் கணக்கு தீர்ந்ததா?

ப: தீராது. பிரித்து எழுதிய போனஸில் பாக்கியெல்லாம் மொத்தமாக, சில சமயம் இரண்டு வருஷமாகப் பிரிந்து, வந்து விழும். அதற்கு ‘டெட் மணி’ என்று பேர். டென்வர் அணி பட்ட பாட்டைப் பாருங்கள்: 2022இல் ரஸ்ஸல் வில்சன் என்ற வீரருக்கு ஐந்து வருஷம், 24.5 கோடி டாலர் நீட்டிப்பு. அது தொடங்கும் முன்பே, 2024 மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள். கேப்பில் விழுந்த அடி 8.5 கோடி, இரண்டு வருஷமாகப் பிரித்து. அவர் பிட்ஸ்பர்க் அணிக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஆடப்போனார். அந்த வருஷத்துக்கு ஒப்புக்கொண்ட சம்பளத்தில் மீதியைக் கொடுத்தது டென்வர்தான்.

கே: மலிவாக நல்ல வீரர் கிடைக்க வழியே இல்லையா?

ப: டிராஃப்ட், அதாவது கல்லூரியிலிருந்து வரும் புதுமுகங்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை. அவர்களுக்குச் சம்பளம் ஏறக்குறைய முன்கூட்டியே நிர்ணயமானது. 2022இல் கடைசி ஆளாக, 262ஆவதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி, பத்து லட்சம் டாலரைத் தொடாத சம்பளத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ அணியை லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோனார். 2025இல் அவருக்கே ஐந்து வருஷத்துக்கு 26.5 கோடி.

கே: வரம்பைத் தாண்டினால் அபராதமா?

ப: தாண்டவே விடமாட்டார்கள். இடமில்லாமல் போட்ட ஒப்பந்தத்தை லீக் அங்கீகரிக்காது. ஒரு வேடிக்கை உண்டு. 2010இல் வரம்பே கிடையாது. டல்லஸ், வாஷிங்டன் அணிகள் ஒப்பந்தங்களின் பெரிய தொகைகளை அந்த வருஷக் கணக்கிலேயே கொட்டித் தீர்த்தன. அதற்குத் தண்டனையாக 2012இல் லீக் டல்லஸுக்கு 1 கோடியும் வாஷிங்டனுக்கு 3.6 கோடியும் கேப்பில் வெட்டியது.