மகளின் கணிதப் படிப்பும் மூன்று லட்ச ரூபாய்க் கடனும்

கேள்வி: நாங்கள் குடியாத்தத்தில் விசைத்தறியில் கைலி நெய்து பிழைக்கும் குடும்பம். மூத்த மகள் வேலூரில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இறுதியாண்டு படிக்கிறாள். சாப்ட்வேர் இன்ஜினியர் ஆக வேண்டும் என்பது அவள் விருப்பம். எம்.எஸ்சி. கணிதமும் முடித்தால்தான் பெரிய கம்பெனிகளில் மதிப்பார்கள் என்கிறார் உறவினர் ஒருவர். தனியார் கல்லூரியில் சேர்த்தால், விடுதியோடு இரண்டு ஆண்டுக்கு மூன்று லட்சம் ஆகும். கையில் இரண்டு லட்சம் வைப்புத் தொகையும் மனைவியின் ஆறு சவரன் நகையும் இருக்கின்றன. நகையை அடகு வைக்கலாமா, கல்விக் கடன் வாங்கலாமா?

பதில்: எந்தக் கடன் என்று பார்ப்பதற்கு முன், இந்தப் படிப்புக்குக் கடன் தேவையா என்று பார்த்துவிடுவோம். சாப்ட்வேர் வேலைதான் குறிக்கோள் என்றால், எம்.எஸ்சி. கணிதத்துக்காக மூன்று லட்சம் கடன் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கணிதம் பயன்படாது என்று நான் சொல்லவில்லை. அந்த வேலைக்கு வேண்டிய கணிதத்தின் பெரும்பகுதி உங்கள் மகளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சென்ற ஆண்டு காட்பாடியிலிருந்து ஓர் இளைஞர் தன் தாயாருடன் என்னிடம் வந்திருந்தார். அவரும் கணிதப் பட்டதாரிதான். படித்த கணிதம் இந்தத் தொழிலில் எங்கே உதவுகிறது என்று கேட்டேன். மேசையில் கிடந்த தபால் உறையைத் திருப்பி எழுதிக் காட்டினார். அகர வரிசையில் ஒரு லட்சம் பெயர்கள் உள்ள பட்டியலில் ஒரு பெயரை ஒவ்வொன்றாகத் தேடினால் ஒரு லட்சம் முறைகூடப் பார்க்க நேரலாம்; நடுவில் பிரித்து, வேண்டாத பாதியைத் தள்ளிக்கொண்டே போனால் 17 முறைக்குள் கிடைத்துவிடும், ஏனென்றால் 17 இரண்டுகளைப் பெருக்கினால் 1,31,072 வருகிறது. மடக்கை, கணங்கள், நிகழ்தகவு, அணிகள் ஆகியவற்றை இப்படிக் கையாளத் தெரிந்தவருக்கு நிரல் எழுதும் வேலையில் பெரும் பலம் உண்டு. எம்.எஸ்சி.யில் வரும் ரியல் அனாலிசிஸ், டோபாலஜி போன்ற பாடங்கள் அருமையானவை. ஆனால் வழக்கமான சாப்ட்வேர் வேலைக்கான நேர்முகத் தேர்வில் அவற்றை யாரும் கேட்பதில்லை. அங்கே கேட்கப்படுவது சதவீதம், விகிதம், வேலையும் நேரமும் போன்ற திறனறிக் கணக்குகளும், அதற்கு மேலாக, நிரல் எழுதும் திறனும்தான்.

இனிப் பணத்தைப் பார்ப்போம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வீதம் மூன்று லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை; ஆனால் அந்த மூன்று ஆண்டுகளிலும் வட்டி சேரும். தனிவட்டியாகவே பார்த்தாலும் 78,750 ரூபாய் சேர்ந்து, கடன் 3,78,750 ரூபாயாக நிற்கும். அதை ஏழு ஆண்டில் அடைக்க, மாதத் தவணை ஏறத்தாழ 6,390 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 5,36,000 ரூபாயைத் தாண்டும். இதோடு, மகள் மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குப் போயிருந்தால் இரண்டு ஆண்டில் வந்திருக்கக்கூடிய 3,60,000 ரூபாயையும் சேர்த்துப் பாருங்கள். தறிக் கூலியை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது தாங்கக்கூடிய சுமை என்று எனக்குத் தோன்றவில்லை.

மேற்படிப்பு வேண்டும் என்றே மகள் விரும்பினால், கணினித் துறையின் முதுகலைப் படிப்பான எம்.சி.ஏ. பொருத்தமானது. அது இப்போது இரண்டு ஆண்டுப் படிப்பு. கணிதம் படித்த பட்டதாரிகள் அதில் சேரலாம். அதற்கான டான்செட் என்னும் தமிழ்நாட்டுப் பொது நுழைவுத் தேர்வை எழுதி அரசுக் கல்லூரியில் இடம் பிடித்தால் செலவு வெகுவாகக் குறையும். கணிதத்தில் உண்மையான ஆழமும் ஆர்வமும் இருந்தால், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் நுழைவுத் தேர்வை அவர் எழுதிப் பார்க்கட்டும். அங்கே கணினி அறிவியலிலும் தரவு அறிவியலிலும் எம்.எஸ்சி. உண்டு. அப்படி ஓர் இடம் கிடைத்தால், கடன் வாங்கக்கூடாது என்ற என் கருத்தை நானே மாற்றிக்கொள்வேன். விப்ரோ போன்ற நிறுவனங்கள் பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, வேலையோடு எம்.டெக். படிக்கவும் வைக்கின்றன, சில ஆண்டுகள் அங்கேயே பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம் அதில் உண்டு, அதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

ஆசிரியர் வேலையிலும் மகளுக்கு நாட்டம் இருந்தால் கணக்கே வேறு. எம்.எஸ்சி.யோடு பி.எட். முடித்தவர்கள் முதுகலை ஆசிரியர் பணிக்குப் போட்டியிடலாம் என்பதால், அந்தப் பட்டத்துக்கு அங்கே நேரடியான பயன் உண்டு. இதை மகளிடம் நிதானமாகக் கேட்டுவிடுங்கள்.

சாப்ட்வேர்தான் என்று அவர் உறுதியாகச் சொன்னால், அடுத்த ஓராண்டுக்கு இந்த ஏற்பாட்டைச் செய்யுங்கள். வைப்புத் தொகையிலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். அதில் ஒரு நல்ல மடிக்கணினி வாங்கிக் கொடுத்து, வீட்டில் இணைய இணைப்பும் போட்டுவிடலாம். என்.பி.டி.இ.எல். என்னும் இணையக் கல்வித் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். கல்லூரியில் தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திறன் மேம்பாட்டுத் திட்டப் பயிற்சி நடந்தால் அதையும் தவறவிடக் கூடாது. வேலை உறுதி என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையங்களுக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.

நகையை அடகு வைக்க வேண்டாம். எம்.சி.ஏ.வுக்குக் கடன் தேவைப்பட்டால், கல்விக் கடனுக்கான வித்யா லட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி நான்கு லட்சம் வரை சொத்துப் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாக, அதாவது மகளோடு சேர்ந்து கடனுக்குப் பொறுப்பேற்பவராகக் கையெழுத்திட்டால் போதும். கிளையில் பிணை கேட்டால், அதை எழுத்தில் தருமாறு கேளுங்கள்.