பர்மா ஸ்டார்: தாத்தாவின் பெட்டியில் கிடைத்த நட்சத்திரம்

கேள்வி (திண்டுக்கல்): ஐயா, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பித்தளை நிறத்தில் ஆறுமுனை நட்சத்திரம் ஒன்று கிடைத்தது. நடுவில் கிரீடம், சுற்றி ஆங்கிலத்தில் ‘தி பர்மா ஸ்டார்’. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. பெயர் இல்லாததால் போலி என்கிறார் ஒரு கடைக்காரர்.

பதில்: அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். பர்மா ஸ்டார் என்பது இரண்டாம் உலகப்போரில் பர்மா போர்முனையில் பணியாற்றியவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு கொடுத்த பதக்கம். அந்தப் போரின் நட்சத்திரங்களை பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்க, இந்திய வீரர்களுக்குப் பொறித்துக் கொடுத்ததும் உண்டு. ஆனால் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்ட முடியாது. சிக்கல் வேறு: பெயர் இல்லாததால் யாருடைய பதக்கம் என்று பதக்கம் சொல்லாது. அதே பெட்டியின் அடியில் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் (படையிலிருந்து விடுவித்ததற்கான சான்று) இருக்கிறதா என்று துழாவிப் பாருங்கள். பழுப்பேறி, மடிப்பில் விட்டுப்போயிருக்கும். படை எண்ணும் ரெஜிமென்ட்டும் அதில்தான் கிடைக்கும். முதலில் அந்தக் காகிதத்தைக் காப்பாற்றுங்கள்.

கேள்வி (வேலூர்): எத்தனை நாள் பர்மாவில் இருந்தால் கொடுத்தார்கள்? தாத்தா மணிப்பூரின் இம்பாலைத் தாண்டவே இல்லை என்று அப்பா சொல்வார்.

பதில்: பலரும் குழம்பும் இடம் இது. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரைதான் கணக்கு. தரைப்படை வீரர் பர்மாவுக்குள் போர்ப்பணியில் ஒரு நாள் இருந்தாலும் போதும். விமானத்தில் பறந்தவருக்கு ஒரு போர்ப் பறப்பு. கடற்படையில் மட்டும் கெடுபிடி: ஆறு மாதம் கடலில் இருந்து 1939-45 ஸ்டார் என்ற இன்னொரு நட்சத்திரத்துக்குத் தகுதி பெற்றபிறகுதான் இது.

பர்மா எல்லையைத் தாண்டாதவருக்கும் உண்டு. வங்காளம், அஸ்ஸாம் பகுதிகளில் 1942 மே 1 முதல் 1943 கடைசி வரை போர்ப்பணியில் இருந்தால் சேரும்; 1944 பிறந்ததும் குறிப்பிட்ட பகுதிகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். 1944-இல் ஜப்பானியப் படை வளைத்த இம்பால் முற்றுகையில் நின்றவரைவிட அதற்கு உரிமை யாருக்கு இருக்கிறது? உங்கள் அப்பா சொன்னதும் சரி, பதக்கமும் சரி.

மலேயா என்றால் தேதியைப் பாருங்கள். சிங்கப்பூர் விழுந்த 1942 பிப்ரவரி 15 வரை அங்கே போரிட்டவருக்கு பசிபிக் ஸ்டார். மறுநாளிலிருந்து பர்மா ஸ்டார். இரண்டுக்கும் தகுதி இருந்தால் முதலில் பெற்ற நட்சத்திரம் ஒன்றுதான்; மற்றதன் பெயர் ரிப்பனில் சின்னப் பட்டையாக ஏறும்.

கேள்வி (பெங்களூரு): என் தாத்தா நாலு வருஷம் இங்கேயே ராணுவ டிப்போவில் வேலை பார்த்தார். அவருக்கு ஏன் ஸ்டார் இல்லை?

பதில்: போர்க்களப் பணி இல்லாததால். ஆனால் இந்தியப் படையினருக்கென்றே 1946-இல் இந்தியா சர்வீஸ் மெடல் ஏற்படுத்தினார்கள். இந்தியாவுக்குள் மூன்று வருடம் பணி செய்திருக்க வேண்டும். டிஃபென்ஸ் மெடல் என்ற இன்னொரு போர்க்காலப் பதக்கம் பெற்றிருக்கக் கூடாது. வெள்ளை நிறத்தில் வட்டமாக ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி (மதுரை): பாட்டி வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்டாரைப் புளி போட்டுத் துலக்குவார். தொடரலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம், புளி பட்டால் பளபளக்கத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு முறையும் எழுத்தின் விளிம்பு கொஞ்சம் தேயும். என் வீட்டில் இருப்பதில் கிரீடத்தின் புடைப்பே விரலுக்குத் தட்டுப்படுவதில்லை. இதே அன்பால் தேய்ந்ததுதான். உலர்ந்த பருத்தித் துணி போதும். ரிப்பனைக் கழற்றித் துவைக்காதீர்கள்: நடுவில் உள்ள சிவப்பு காமன்வெல்த் படைகளைக் குறிக்கிறது, இருபுறமும் கருநீலத்தின் நடுவே ஓடும் ஆரஞ்சுக் கோடு சூரியனைக் குறிக்கிறது. பூஜையில் வையுங்கள், தாராளமாக.

கேள்வி (கோலாலம்பூர்): அண்ணா, எங்கள் தாத்தா தோட்டத்திலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்து பர்மா வரை போனவர். அவருக்கு இது கிடைக்குமா?

பதில்: கிடைக்காது தம்பி. அவர் எதிரணியில் நின்று போரிட்டவர். இது பிரிட்டிஷ் தரப்புக்கான பதக்கம். ஐ.என்.ஏ.வினரை இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களாக ஏற்று, 1972-இல் தொடங்கிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தது. அவருக்கு அப்படி ஏதாவது உத்தரவு வந்ததா என்று பழைய தபால்களில் தேடுங்கள். இம்பாலில் ஒரு தமிழர் முற்றுகைக்கு உள்ளேயும் இன்னொரு தமிழர் வெளியேயும் இருந்திருக்கலாம். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் கேட்கிறீர்கள், இருவருக்கும் ஒரே மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

கேள்வி (ஈரோடு): ஸ்டாருக்கு மாதப்பணம் உண்டா? ஆவணம் எங்கே கேட்பது?

பதில்: பணம் கிடையாது, இது வீரதீரப் பதக்கம் அல்ல, போர்க்களத்தில் இருந்ததற்கான அடையாளம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெக்கார்ட்ஸ் அலுவலகம், மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) என்றால் பெங்களூரு. படை எண்ணை முதல் வரியிலேயே எழுதுங்கள். வெறும் பெயரும் ஊரும் வைத்துத் தேடினால் முத்துசாமிகள் நூறு பேர் வருவார்கள்.