பிரஷர் மாத்திரை ஆரம்பித்த பிறகு விறைப்பு குறைந்துவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம் அண்ணா. மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 46 வயது, பென்னாகரம் பக்கம், தினமும் அடெனோலால் ஒன்று சாப்பிடுகிறீர்கள், சில மாதமாக உறவில் சிரமம் என்று எழுதியிருக்கிறீர்கள். அடெனோலால் வகை மாத்திரையைத் திடீரென்று விட்டால் இதயத் துடிப்பும் பிரஷரும் சட்டென்று எகிறும். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவருக்கு அது மாரடைப்பு வரை போகலாம். விடுவதென்றாலும் டாக்டர் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நான் பாலக்கோட்டில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் மருந்தாளுநர். இந்தக் கேள்வியை நேராகக் கேட்பவர்கள் மிகக் குறைவு. மற்றவர்கள் கிளம்பும்வரை ஓரமாக நிற்பார்கள், இருமல் மருந்து வாங்குவார்கள், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இந்த மாத்திரை உடம்புக்கு ரொம்ப சூடுங்களா?" என்பார்கள். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். பாதிப் பேர் அதுகூடக் கேட்பதில்லை, பேசாமல் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். சந்தைக்குத் தக்காளி கொண்டுவரும் ஒருவர் அப்படித்தான் விட்டார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்த பிறகுதான், பிரிக்காத அட்டைகள் பீரோவில் இருந்ததை அவர் மனைவி பார்த்திருக்கிறார். அந்த அம்மா கடையில் வந்து இதைச் சொன்னபோது எனக்கு மனசு ஆறவில்லை. அவர் ஒரு வார்த்தை டாக்டரிடம் சொல்லியிருந்தால் மாத்திரையை மாற்றியிருப்பார்கள்.

நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கிராமத்துக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் கொண்டுவருபவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த பெண். அவரிடம் எந்த ஆண் இதைச் சொல்வார்? வாங்கி உள்ளே வைத்துவிடுவார். அதனால் மாத்திரை வீட்டுக்கு வந்தாலும் இந்தப் பேச்சுக்காக ஒரு தடவையாவது டாக்டரை நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

இனி மாத்திரை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆசை வரும்போது நரம்புகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிவந்து ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் தளர்கின்றன, ரத்தம் நிறைகிறது, அதுதான் விறைப்பு. அடெனோலால், ப்ரோப்ரனோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் பழைய பீட்டா பிளாக்கர் மாத்திரைகளும், ஹைட்ரோகுளோரோதயசைடு மாதிரி சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் மாத்திரைகளும் சிலருக்கு இதில் குறுக்கே வரும். ஸ்பைரனோலாக்டோன் ஆண் ஹார்மோனுக்கு எதிராக வேலை செய்வதால் சிலருக்கு மார்புகூட வீங்கும். ஆனால் அம்லோடிபின், எனலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் ஆகியவற்றால் இந்தத் தொல்லை வருவது குறைவு. பீட்டா பிளாக்கர் கட்டாயம் வேண்டும் என்றால் நெபிவோலால் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு வழி இருக்கிறது. எது பொருந்தும் என்பதை உங்கள் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்து டாக்டர் முடிவுசெய்யட்டும்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2003இல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், புதிதாக இதய நோய் கண்டறியப்பட்ட, விறைப்புப் பிரச்சினை இல்லாத 96 ஆண்களுக்கு இதே அடெனோலாலைக் கொடுத்தார்கள். என்ன மருந்து என்றே தெரியாதவர்களில் 100க்கு 3 பேர்தான் விறைப்புக் குறைவு என்றார்கள். மருந்தின் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் 16 பேர். இப்படி ஒரு பக்கவிளைவு வரலாம் என்று முன்கூட்டியே கேட்டவர்களில் 31 பேர்! பயமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. உங்களுக்கு இருப்பது வெறும் பயம் என்று நான் சொல்லவில்லை. மாத்திரை மட்டும்தான் காரணம் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள் என்கிறேன்.

கட்டுப்படாத பிரஷரும் சர்க்கரையும் பீடி சிகரெட்டும் ஆணுறுப்பின் அதே ரத்தக்குழாய்களைக் கெடுக்கின்றன. அந்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை, அதனால் அடைப்பின் முதல் அறிகுறி பல பேருக்கு நெஞ்சுவலிக்குச் சில வருடம் முன்பே இங்கேதான் தெரிகிறது. உங்கள் வயதில் விறைப்பு குறைந்தால் சர்க்கரை, கொழுப்பு, இதயம் மூன்றையும் பார்த்துவிடுவது அவசியம்.

பிரஷர் மாத்திரை தவிர வேறு சிலதும் உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் ஆசையைக் குறைக்கலாம், விந்து வருவதைத் தாமதப்படுத்தலாம். மனநோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றிவிடும், அதனாலும் ஆசையும் விறைப்பும் குறையலாம். புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசினில் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போகலாம், அதனால் ஆபத்தில்லை. முடி கொட்டுவதற்கு இளைஞர்கள் வாங்கும் ஃபினாஸ்டரைடும் இந்தப் பட்டியலில்தான். வலிக்காக டிராமடாலை மாதக்கணக்கில் போட்டால் ஆண் ஹார்மோனே குறையும்.

இப்போது என்னை ரொம்பக் கவலைப்படுத்தும் விஷயம். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஆண்மைக்குறைவுக்கு மருந்து என்று லாட்ஜ் பெயரோடு நோட்டீஸ் இருக்கும். மூலிகை என்று விற்கும் இப்படிப்பட்ட பொடிகளில் சில்டெனாஃபில், அதாவது வயாகராவில் இருக்கும் விறைப்பு மருந்து, கலந்திருந்ததைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட், அல்லது நைட்ரேட் வகை மாத்திரை எதையாவது எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் பிரஷர் தரைக்கு இறங்கிவிடும், உயிரே போகலாம். நெஞ்சுவலிக்குத் தரும் நிகோராண்டிலுக்கும் இதே எச்சரிக்கைதான். சில்டெனாஃபில் போட்டால் 24 மணி நேரம், அதே வகை டடலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் தொடவே கூடாது. நடுவில் நெஞ்சுவலி வந்தால் எதைச் சாப்பிட்டீர்கள் என்பதை ஆஸ்பத்திரியில் மறைக்கவே கூடாது. யார் வந்து கேட்டாலும் இந்த மாத்திரையைச் சீட்டு இல்லாமல் நான் தருவதில்லை. இதயத்தைப் பரிசோதித்த பிறகு டாக்டரே எழுதித் தந்தால் பலருக்கும் நன்றாக வேலை செய்யும்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கூட்டமாக இருக்கும், பின்னால் நிற்பவர் காதில் விழும் என்று வாய் வராது. வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி ஓ.பி. சீட்டோடு சேர்த்து நீட்டிவிடுங்கள்: எந்த மாத்திரை, எப்போது ஆரம்பித்தது, சிரமம் எப்போதிலிருந்து, காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா. இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். காலையில் நன்றாக இருந்து உறவின்போது மட்டும் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் மனதில் இருக்கும். சாப்பிடும் அட்டைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும், ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். மாத்திரையை மாற்றித் தந்தால் சில வாரம் பொறுத்துப் பாருங்கள், அதுவரை பிரஷரை அடிக்கடி பார்த்து எழுதி வையுங்கள். வீட்டில் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள் அண்ணா. தன்மேல் விருப்பம் போய்விட்டதோ என்று அவர்கள் உள்ளுக்குள் வருந்திக்கொண்டிருக்கலாம்.