கஹூட்டாவின் மேல் விழாத குண்டு: கேள்வி பதில்

2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் சண்டையில் பாகிஸ்தானின் கிரானா மலையில் உள்ள அணு நிலையத்தை நாம் தாக்கியதாகப் பேச்சு கிளம்பியதிலிருந்து, "அந்தக் காலத்திலேயே பாகிஸ்தானின் கஹூட்டா அணு ஆலையை ஏன் அடிக்கவில்லை?" என்று கேட்காதவர் இல்லை. நான் விமானப்படையில் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ரகசியக் கோப்பு எதையும் பார்த்தவனில்லை. இந்த விஷயத்தில் அச்சில் வந்ததை விடாமல் படித்து வருகிறவன், அவ்வளவுதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

செல்வம், திருநெல்வேலி: எல்லோரும் கஹூட்டா கஹூட்டா என்கிறார்களே, அங்கே அப்படி என்னதான் இருந்தது?

ராவல்பிண்டிக்குக் கிழக்கே சுமார் முப்பது கிலோமீட்டரில் மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் அது. நெதர்லாந்தில் யுரேனியம் செறிவூட்டும் தொழிலோடு தொடர்புடைய நிறுவனத்தில் வேலை பார்த்த அப்துல் காதிர் கான் 1975 கடைசியில் பாகிஸ்தான் திரும்பினார். அடுத்த ஆண்டே வேலை தொடங்கிவிட்டது. இயற்கை யுரேனியத்தில் குண்டுக்கு உதவுகிற யு-235 வெறும் 0.7 சதவீதம்தான். அதை 90 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டும். யுரேனியத்தை வாயுவாக்கி, அசுர வேகத்தில் சுழலும் சென்ட்ரிஃப்யூஜ் உருளைகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்திப் பிரித்தெடுக்கும் இடம்தான் கஹூட்டா. 1981ல் பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் அதற்குக் கானின் பெயரையே வைத்தார்.

ரகசியம் என்றால் எப்பேர்ப்பட்ட ரகசியம் தெரியுமா? 1979 ஜூனில் அந்தப் பக்கம் காரில் போன பிரெஞ்சுத் தூதரையே வழிமறித்து அடித்துவிட்டார்கள்.

மாலதி, சேலம்: 1984ல் இந்திரா காந்தி தாக்குதலுக்கு உத்தரவு கொடுத்துக் கடைசி நேரத்தில் நிறுத்தினார் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா சார்?

காணொளிக்காரர் கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கிறார், அம்மா. உத்தரவு போட்டதற்கு ஆவணம் எதுவும் வெளிவரவில்லை. யோசனை இருந்ததற்கு மட்டும் சான்று நிறைய இருக்கிறது.

1981லேயே அமெரிக்க உளவுத்துறை, பாகிஸ்தான் குண்டை நெருங்கினால் இந்தியா தாக்கக்கூடும் என்று குறிப்பு எழுதியது. பல ஆண்டுகள் கழித்து அது வெளியிடப்பட்டது. 1982 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட், இந்திய ராணுவம் இப்படி ஒரு திட்டம் வைத்திருக்கிறது என்று செய்தி போட்டது. 1984 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் முதல் தொலைக்காட்சி வரை மறுபடி அதே பேச்சு. இந்திராவின் ஆலோசகர்கள் சிலர் தாக்கச் சொல்வதாக அமெரிக்க செனட்டர்களுக்கு உளவுத்துறை தெரிவித்தது என்பதுதான் செய்தி. அம்பாலாவில் இருக்க வேண்டிய நம் ஜாகுவார் போர் விமானங்கள் செயற்கைக்கோள் படத்தில் காணவில்லை என்றும் சொன்னார்கள். உடனே பாகிஸ்தான் விழித்துக்கொண்டது, அமெரிக்கத் தூதர் ஜியாவுக்கு தைரியம் சொன்னார். அக்டோபர் 31ல் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எதிராளி தூங்கும்போது செய்ய வேண்டிய காரியம் இது. ஊரெல்லாம் பேசி, பத்திரிகையில் வந்து, அவன் விமான எதிர்ப்பு ஏவுகணையைச் சுற்றி நிறுத்திக்கொண்ட பிறகு அதில் பாதி செத்துவிடுகிறது. யூகம் கிளப்பிவிட்டவர்கள் தெரிந்தே கிளப்பினார்களோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

பிரபாகர், கோயம்புத்தூர்: இஸ்ரேல் 1981ல் ஈராக்கில் செய்ததை நம்மால் ஏன் செய்ய முடியவில்லை? தைரியம் இல்லை என்பதுதானே உண்மை?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, பாதிக்கு மேல் இதே தொனியில். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1981 ஜூன் 7ல் எட்டு எஃப்-16 விமானங்கள், காவலுக்கு ஆறு எஃப்-15, ஜோர்டான், சவுதி வான்வெளி வழியாகத் தாழப் பறந்து பாக்தாத் அருகே ஈராக்கின் ஒசிராக் அணு உலையை அடித்தன. ஒவ்வொரு எஃப்-16லும் 2,000 பவுண்டு குண்டு இரண்டு. எல்லா விமானமும் பத்திரமாகத் திரும்பின. (அந்த விமானிகளில் இளையவரான இலான் ராமோன்தான் பின்னாளில் நம் கல்பனா சாவ்லாவோடு கொலம்பியா விண்வெளி ஓடத்தில் இறந்தவர்.) ஐ.நா. பாதுகாப்பு சபை ஒருமனதாகக் கண்டித்தது. பெரிதாக வேறு எதுவும் நடக்கவில்லை.

நமக்கும் பறந்துபோய் அடிப்பது முடியாத காரியமில்லை. அம்பாலாவிலிருந்து கஹூட்டா நேர்கோட்டில் 500 கிலோமீட்டருக்குள். ஜாகுவார் தாழப் பறந்து ஊடுருவுவதற்கென்றே வாங்கிய விமானம். பாகிஸ்தானிடம் 1983 தொடக்கத்திலிருந்து எஃப்-16 இருந்தது, நம் மிராஜ் 2000 வந்தது 1985ல்தான். ஆகவே போனவர்களில் சிலர் திரும்பியிருக்க மாட்டார்கள். ஆனாலும் குண்டு விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

சிக்கல் மறுநாள் காலையில்தான். ஈராக் இஸ்ரேலுக்குப் பக்கத்து நாடு இல்லை, போதாததற்கு ஈரானோடு போரில் மாட்டிக்கொண்டிருந்தது. திருப்பி அடிக்க அதற்குக் கை ஓயவில்லை. பாகிஸ்தான் அப்படியா? கராச்சியிலிருந்து மும்பை 900 கிலோமீட்டர்கூட இல்லை. மும்பையின் ஓரத்தில் டிராம்பே. அங்கே ஓடிக்கொண்டிருக்கும் அணு உலை, எரிந்த எரிபொருளை மறுசுத்திகரிக்கும் ஆலை. காற்று அடிக்கிற பக்கம் லட்சக்கணக்கான ஜனம். 1983ல் வியன்னாவில் பாகிஸ்தான் அணுசக்தி ஆணையத் தலைவர் முனீர் அகமது கான், நம் அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணாவிடமே, நீங்கள் கஹூட்டாவைத் தொட்டால் நாங்கள் டிராம்பேயைத் தொடுவோம் என்ற பொருளில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. கஹூட்டா உடைந்தால் நச்சுப்புகை, அதுவும் ஒரு மலைப்பள்ளத்தாக்கில். டிராம்பே உடைந்தால் மும்பை. மடியில் கனம் இருப்பவனுக்கு வழியில் பயம் இருக்கத்தான் செய்யும், அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. ஒசிராக் விழுந்ததும் சதாம் நிறுத்திவிட்டாரா? இல்லை. வேலை தலைமறைவானது. 1991 போருக்குப் பிறகு உள்ளே போன ஆய்வாளர்கள், தார்மியாவில் மின்காந்த முறையில் யுரேனியம் பிரிக்கும் ஆலையைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். எந்திரத்தை உடைக்கலாம், செய்யத் தெரிந்தவன் தலையில் இருப்பதை எந்தக் குண்டு உடைக்கும்?

ரஹீம், நாகர்கோவில்: செறிவூட்டும் ஆலையில் குண்டு போட்டால் அணுகுண்டு மாதிரி வெடிக்காதா?

வெடிக்காது. அணுகுண்டு வெடிக்க, பொருளை மிகத் துல்லியமாக, நொடியில் மிகச் சிறு பகுதிக்குள் நெருக்க வேண்டும். மேலிருந்து விழும் குண்டு அதைச் சிதறத்தான் அடிக்கும். உள்ளே இருப்பது யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு. அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும். நுரையீரலைத் தின்றுவிடும் அமிலம் அது. பக்கத்தில் இருப்பவருக்கு எமன்தான், ஆனால் செர்னோபில் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் உலையை அடிப்பது வேறு கதை. ஒசிராக்கை எரிபொருள் போட்டு இயக்கத் தொடங்கும் முன்பே அடித்ததற்கு இஸ்ரேல் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

கண்ணன், மதுரை: மொரார்ஜி தேசாய்தான் ஜியாவுக்கு போன் போட்டு, கஹூட்டா ரகசியம் எங்களுக்குத் தெரியும் என்று காட்டிக்கொடுத்தாராமே? கஹூட்டா ஆட்கள் போகும் முடிதிருத்தும் கடையிலிருந்து நம் ஒற்றர்கள் கதிர்வீச்சைச் சோதிக்க முடி எடுத்துவந்த கதையும் சொல்கிறார்கள். அப்புறம் கஹூட்டாவைத் தாக்க ஜாம்நகரில் இஸ்ரேல் விமானம் வந்து நின்றதாகவும்.

மூன்றும் சுவையான கதைகள்தான். மூன்றுக்கும் இதுவரை பொதுவெளியில் காகிதச் சான்று கிடையாது, ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதியதுதான். கேட்டு ரசிக்கலாம், தேர்வில் எழுதாதீர்கள்.

விஜயலட்சுமி, செங்கல்பட்டு: எங்கள் ஊரில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜி, பிராஸ்டாக்ஸ் பயிற்சியின்போது கஹூட்டாவைத் தாக்கத்தான் திட்டமிட்டார் என்கிறார்களே ஐயா?

பிராஸ்டாக்ஸ் 1986 நவம்பரில் தொடங்கி 1987 மார்ச் வரை ராஜஸ்தானில் நம் ராணுவம் நடத்திய மாபெரும் பயிற்சி, அப்போது சுந்தர்ஜி ராணுவத் தளபதி. பயிற்சியா படையெடுப்பா என்று பாகிஸ்தானுக்குப் புரியவில்லை, அவர்களும் படையை நகர்த்தினார்கள். அந்த ஜனவரியில் ராஜீவ் காந்தி முன்னிலையில் கஹூட்டா பேச்சும் அடிபட்டதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். சுந்தர்ஜியின் மனசில் இருந்தது என்ன என்று இன்றும் சண்டை ஓயவில்லை.

எனக்குப் பிடித்தது அதன் பக்கக்கதை. ஜனவரி 28ல் அப்துல் காதிர் கான், நம் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரை வீட்டுக்கு வரவழைத்து, எங்களிடம் சரக்கு தயார் என்கிற மாதிரி பேசி அனுப்பினார். பேட்டி லண்டன் பத்திரிகையில் வந்தது மார்ச் 1ல்தான். மிரட்டல் போய்ச் சேருவதற்குள் நெருக்கடியே தணிந்துவிட்டது. நடுவில் பிப்ரவரியில் ஜியா கிரிக்கெட் பார்க்கிறேன் என்று ஜெய்ப்பூர் வந்து உட்கார்ந்துவிட்டார்!

இளங்கோ, புதுச்சேரி: குண்டு கையில் வந்த பிறகு இந்தப் பயம் போய்விட்டதா?

எங்கே போனது! 1998 மே 28 விடியலுக்கு முன், பாகிஸ்தான் வெளியுறவுத்துறை நம் தூதரை நள்ளிரவில் எழுப்பி வரவழைத்து, நீங்கள் எங்கள் அணு நிலையங்களைத் தாக்கப்போகிறீர்கள் என்று தகவல் வந்திருக்கிறது என்று எச்சரித்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அன்றைக்குப் பிற்பகல் சாகாய் மாவட்டத்து மலையில் அவர்கள்தான் அணுகுண்டுச் சோதனை செய்தார்கள். உண்மையான பயமா, சோதனைக்கு முன் போட்ட நாடகமா? இரண்டும் கலந்தது என்பேன்.

தினேஷ், சென்னை: கிரானா மலை விஷயத்தில் உங்கள் கருத்து? கதிர்வீச்சுக் கசிவு, அதை அடக்க போரான் ஏற்றிவந்த விமானம் என்றெல்லாம் வந்ததே.

சர்கோதாவில் முஷாஃப் விமானதளம் இருக்கிறது. மே 10ல் இந்தியா தாக்கிய தளங்களில் அது ஒன்று. கிரானா மலை அந்தப் பக்கத்தில்தான். 1980களில் அணுப்பொருள் வைக்காமல் வெடிப்பு முறையை மட்டும் பரிசோதித்த இடம் என்பதால், மேலே புகை கண்டதும் யூகம் இறக்கை கட்டிக்கொண்டது. நம் விமானப்படையின் ஏர் மார்ஷல் ஏ.கே. பாரதியிடம் கேட்டபோது, அங்கே அணு நிலையம் இருக்கிறதா, சொன்னதற்கு நன்றி, நாங்கள் அதை அடிக்கவில்லை என்கிற மாதிரி சிரித்தபடி பதில் சொன்னார். சர்வதேச அணுசக்தி முகமையோ, பாகிஸ்தானின் எந்த அணு நிலையத்திலிருந்தும் கசிவு இல்லை என்று தெரிவித்தது. கசிவு இருந்திருந்தால் அதை மூடிமறைப்பது மிகக் கடினம், கருவிகள் பக்கத்து நாடுகளிலும் இருக்கின்றன. போரான் விமானத்தை நான் வாட்ஸ்அப்பில் மட்டும்தான் பார்த்தேன்.

தினேஷ் மறுபடியும்: சரி, ஈரானில் அமெரிக்கா செய்த மாதிரி இப்போது நாம் செய்யலாமே?

2025 ஜூன் 22ல் ஃபோர்டோ, நடான்ஸ் மேல் ஏழு பி-2 விமானங்கள் 14 குண்டுகள் போட்டன, ஒவ்வொன்றும் 13,600 கிலோ. அந்தக் குண்டும் அதைத் தூக்கும் விமானமும் உலகில் ஒரே நாட்டிடம்தான் உண்டு. அதையும்விட முக்கியம், ஈரானிடம் குண்டு இல்லை. தாக்குதல் தொடங்கும்போது ஈரான் 60 சதவீதம் வரை செறிவூட்டிய யுரேனியம் 440 கிலோ வைத்திருந்ததாக முகமை கணக்கிட்டது. கட்டடம் இடிந்த பிறகும் அது எங்கே என்ற கேள்விதான் எல்லோரையும் அரித்தது. பாகிஸ்தானிடம் இருப்பதோ ஆயத்தமான குண்டுகள். 1984ல் கேட்டிருந்தால் அது கேள்வி. இன்று, தம்பி, அது வெறும் ஆசை.

சுமதி, கல்பாக்கம்: நாங்கள் உலைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறோம். போர் வந்தால் எங்கள் கதி? ஏதோ பட்டியல் இருக்கிறதாமே, அதில் கல்பாக்கம் உண்டா?

உங்கள் கேள்வியைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். 1985 டிசம்பரில் ராஜீவ் காந்தியும் ஜியாவும் ஒருவர் அணு நிலையத்தை ஒருவர் தாக்குவதில்லை என்று வாய்மொழியாகப் பேசிக்கொண்டார்கள். 1988 டிசம்பர் 31ல் இஸ்லாமாபாத்தில் ராஜீவ், பாகிஸ்தான் பிரதமர் பேநசீர் புட்டோ முன்னிலையில் ஒப்பந்தமாகக் கையெழுத்தானது, 1991 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மின்சாரம் தரும் உலை, ஆராய்ச்சி உலை, எரிபொருள் தயாரிக்கும் ஆலை, செறிவூட்டல், மறுசுத்திகரிப்பு எல்லாம் அதில் அடக்கம். இப்படிப்பட்ட நிலையங்களின் பட்டியலை இரு அரசுகளும் ஒன்றுக்கொன்று கொடுக்கின்றன, வெளியிடுவதில்லை. ஆனால் ஒப்பந்தத்தின் வரையறைப்படி பார்த்தால் கல்பாக்கமும் கூடங்குளமும் அந்தப் பட்டியலில் விடுபட வழியில்லை. அட்சரேகை, தீர்க்கரேகையோடு எதிராளி கையில் நாமே எழுதிக் கொடுக்கிறோம். கேட்க விசித்திரமாக இருக்கும். தெரியாமல் அடித்துவிட்டேன் என்று அவன் சொல்ல முடியாதபடி செய்வதுதான் அதன் சூட்சுமம்.

காகிதம் குண்டைத் தடுக்குமா என்பீர்கள். கார்கில், 2001 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிந்தைய படைக்குவிப்பு, பாலகோட், 2025 மே, எதிலும் பட்டியலில் வரக்கூடிய இடம் தாக்கப்பட்டதாக இரு அரசும் புகார் சொன்னதில்லை.

அதே சுமதி: அந்தப் பட்டியலை யார், எப்போது கொடுக்கிறார்கள்?

ஒவ்வொரு ஜனவரி 1ம் தேதியும், டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நேரத்தில், தூதரக அதிகாரிகள் வழியாக. 1992ல் தொடங்கியது ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. 2025 மே சண்டைக்குப் பிறகு வந்த 2026 புத்தாண்டிலும் 35வது முறையாகக் கைமாறியது. அதே நாளில் இன்னொரு பட்டியலும் மாறும்: அவர்கள் சிறையில் இருக்கும் நம் கைதிகள், மீனவர்கள், நம் சிறையில் இருக்கும் அவர்கள் ஆட்கள். அது ஜூலை 1ம் தேதி இன்னொரு தடவையும் வரும்.