குதிகால் நாண் வலிக்கு ஓய்வு மட்டும் போதுமா?

மாரத்தான் பயிற்சியில் இருக்கிறீர்கள். காலையில் வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலுக்கு மேலே வலிக்கிறது, ஓடத் தொடங்கினால் குறைகிறது. ஓய்வெடுத்தால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள்.

ஓய்வு மட்டும் போதாது. வலி அடங்கும், ஆனால் கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் இந்த நாண் வலுவடையாது. பழைய தூரத்துக்குத் திரும்பினால் வலியும் திரும்பும். நாணுக்கு வேண்டியது மெதுவாகக் கொடுக்கும் சுமை. ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறை இது: படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றுங்கள். நல்ல காலால் மேலே எழும்புங்கள், எடையை வலிக்கும் காலுக்கு மாற்றுங்கள், குதிகாலைப் படிக்குக் கீழே மெல்ல இறக்குங்கள். முழங்காலை நீட்டி 15 முறை, 3 சுற்று. லேசாக மடக்கி மீண்டும் அதே அளவு. மடக்குவதை விட்டுவிடாதீர்கள், கெண்டைக்காலின் உள்தசைக்கு வேலை அப்போதுதான் கூடும். தினமும் இருவேளை, 12 வாரம். வலியின்றிச் செய்ய முடிந்தால் முதுகுப்பையில் எடை சேர்க்கலாம்.

12 வாரம் முடியும் முன்பே நிறுத்திவிடுவதுதான் பெரிய தவறு. வலி குதிகால் எலும்பிலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, அங்கே நாண் எலும்போடு நசுங்கும், சமதரையில் செய்யுங்கள்.

ஸ்மார்ட் கைக்கடிகாரம் 'முழுதாகத் தேறிவிட்டீர்கள்' என்று காட்டுவதை இதில் நம்பாதீர்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் இதயத் துடிப்பை வைத்தது. நாணின் நிலை அதற்குத் தெரியாது. பயிற்சியில் வலி பத்துக்கு 5 வரை இருக்கலாம், மறுநாள் காலைக்குள் தணிந்திருக்க வேண்டும். தணியாவிட்டால் ஓடும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மேட்டு ஓட்டத்தையும் வேக ஓட்டத்தையும் முதலில் நிறுத்துங்கள். 'பட்' என்ற சத்தத்தோடு வலி வந்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.