அம்மா போனில் ஏறிய ஏபிகே: ஆப்பை நீக்கினால் மட்டும் போதாது

வணக்கம். ஃபேஸ்புக்கில் வந்த மீன் விற்பனை விளம்பரத்தை நம்பி, வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோருக்கு வெளியே ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு) அம்மா போனில் போட்டுவிட்டார், ஆப்பை நீக்கியாச்சு, வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றணுமா என்று கேட்டிருந்தீர்கள். வைஃபையை விடுங்கள், பிரச்சினை அங்கே இல்லை.

முதலில் அந்தப் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் உங்கள் போனிலிருந்து, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வங்கியை அழைத்து 'கில் சுவிட்ச்' (கணக்கை அவசரமாக முடக்கும் வசதி) போட்டுக் கணக்கை முடக்குங்கள். பணம் இன்னும் போகவில்லையே என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

இந்த மாதிரி ஆப் வழக்கமாக 'அக்செசிபிலிட்டி' அனுமதி (உடற்குறை உள்ளவர்களுக்கு உதவ, திரையைப் படித்து இயக்கவிடும் அனுமதி) கேட்கும். அம்மா 'அலாவ்' அழுத்தியிருந்தால், திரையில் இருப்பதை அது படிக்கும், தட்டும் பாஸ்வேர்டைக் குறித்துக்கொள்ளும், அடுத்து வரும் அனுமதிகளைத் தானே அழுத்திக்கொள்ளும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியும் அதன் கையில்தான். கூடவே இன்னொரு மோசடி ஆப்பை இறக்கி வைத்திருக்கவும் கூடும். அதனால் போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட்தான் சரி. அதற்கு முன் படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் எடுத்து வையுங்கள்; ஆப்களை பிளே ஸ்டோரிலிருந்து புதிதாகப் போடுங்கள்.

வங்கி, சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்கான டிஜிட்டல் அடையாளம்), ஜிமெயில் பாஸ்வேர்டுகளை வேறு போனில் மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே போலீஸ் புகார். சந்தேகம் இருந்தால் 1799-ஐ அழையுங்கள்; அது சிங்கப்பூரின் ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அம்மாவைத் திட்டாதீர்கள், அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டார். சேமிப்பில் பெரும்பகுதியை வங்கியின் 'மணி லாக்'கில் பூட்டி வைத்தால், ஆன்லைனில் யாராலும் அதை எடுக்க முடியாது.